பச்சைக் கயிறு கட்டிய நாய்கள்

அமுதத்துக்கு நாய்கள் மீது பிரியம் என்று வளாகத்தில் எல்லோரும் நம்பினார்கள். அது பிழை. அவருக்கு நாய்கள் மீது இருந்தது பயம். சிறு வயதில் கண்ணெதிரே கண்ட ஒரு சாவிலிருந்து வந்த பயம் அது. அந்தப் பயத்தையே ஒரு வேலைமுறையாக மாற்றிக்கொண்டுதான், 1970 ஜனவரி முதல் 1973 ஆகஸ்டு வரை, ஒரு நாயையும் அடிக்காமலும் விரட்டாமலும் அவர் வளாகத்தைக் காத்தார்.

வளாகம் அந்தமானில் சிப்பிகாட்டில், வயலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் இருக்கிறது. தீவுக்காரர்கள் மெயின்லேண்டு என்னும் இந்தியப் பெருநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று கடலுயிர்ப் படிப்புக்காக அதை நடத்துகிறது. நான்கு தகரக் கூரைக் கட்டடங்கள், முப்பத்தாறு மாணவர் தங்கும் விடுதி, அதற்கொரு மெஸ். அதிகாரிகள் கப்பலில் வருவார்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் கப்பலில் திரும்புவார்கள். மெஸ்ஸில் மீன் அரியவும் பாத்திரம் கழுவவும் தினக்கூலிக்கு அமர்த்தப்பட்ட அமுதத்தின் பெயர் 1969 ஜூன் இரண்டாம் தேதி முதல் வருகைப் பதிவேட்டில் காணப்படுகிறது. அந்த முதல் பக்கத்தில் பலர் கைநாட்டு வைத்திருக்க, அவர் மட்டும் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

அந்த ஊரில்தான் அவருடைய தம்பி இறந்தான். தெருநாய் கடித்தது, கடிவாயில் சுண்ணாம்பு தடவி விட்டுவிட்டார்கள். நாற்பது நாள் கழித்து அவன் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறினான். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டிய கயிறுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பன்னிரண்டு வயது அமுதம். 1959இல் கணவர் சின்னப்பனோடு கப்பலேறி அந்தமான் வந்து, பத்துபஸ்தியில் விமானத் தளத்துக்கு அருகே ஒரு தகர வீட்டில் குடியேறிய பிறகும், தெருவில் நாய் எதிரே வந்தால் அவர் மறுபக்கத்துக்கு மாறித்தான் நடந்தார்.

வளாகத்தில் மாற வழியில்லை. மெஸ்ஸின் பின்பக்கம் எச்சில் கொட்டும் குழியைச் சுற்றி எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருக்கும். 1969இல் மட்டும் ஐந்து பேரை நாய் கடித்ததாக முதலுதவிப் பதிவேடு சொல்கிறது. அடுத்த ஜனவரியில் தலைமைச் சமையற்காரர் கொதிக்கும் கஞ்சியை ஒரு நாயின் மீது வீசினார். தோல் உரிந்த அந்த நாய் வகுப்பறைக்குள் ஓடி, கரும்பலகைக்கு அடியில் படுத்து, மறுநாள் அங்கேயே செத்தது. மாணவர்கள் சாப்பிட மறுத்தார்கள். விடுதிக் காப்பாளர் மெஸ்காரர்களைக் கூட்டி என்ன செய்யலாம் என்று கேட்டார். எல்லோரும் பேசி முடித்தபின் அமுதம் வாய் திறந்தார்.

"சார், எனக்கு ஒரு இடமும் ஒரு நேரமும் தாங்க. வேற எங்கயும் யாரும் ஒரு பருக்கை போடப்படாது."

"உனக்கு நாய்னா ரொம்ப இஷ்டமா?"

"இஷ்டமாவது! வயிறு காஞ்சாத்தான் சார் அதுக கடிக்கும். காயாம வச்சுக்கிட்டா நம்ம பக்கம் வராது. அம்புட்டுதான்."

இடம், தேங்காய்க் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண்தரை. நேரம், மாலை நான்கு மணி. எச்சில் குழியை மூடினார்கள். சின்னப்பன் படகுத்துறையிலிருந்து மீன்தலைகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றோடு அவற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பால்பவுடர் டின்களைப் பாதியாக வெட்டிய தட்டுகளில் அமுதம் பங்கிடுவார். ஒரு நாய்க்கு ஒரு டின். டின்கள் மூன்று முழ இடைவெளியில் வரிசையாக இருக்கும். தன் டின்னை விட்டு அடுத்த டின்னுக்குப் போகும் நாயை அவர் அடிப்பதில்லை; இரண்டுக்கும் நடுவே போய்ச் சும்மா நிற்பார். சில மாதங்களில் வரிசை பழகிவிட்டது. தகரத் தட்டில் கரண்டியால் நான்கு அடி. அந்தச் சத்தம் கேட்டதும் எங்கெங்கோ கிடந்த நாய்கள் வந்து அததன் டின்னுக்கு முன்னால் உட்காரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து ரேஷன் லாரியில் ஏறிவந்து அந்த நான்கு அடியை அடித்து, தீனி போட்டுவிட்டுப் போவார்.

வளாகத்து நாய் எது, ஊர் நாய் எது என்று தெரிய, கணவரின் பழைய வலையிலிருந்து பச்சை நைலான் கயிறு எடுத்து ஒவ்வொன்றின் கழுத்திலும் இரண்டு விரல் நுழையும் தளர்ச்சியில் கட்டினார். பெட்டை பருவத்துக்கு வந்தால் பழைய கோழிக்கூண்டில் மூன்று வாரம் அடைப்பார். தப்பிப் பிறந்த குட்டிகளைச் சௌல்தாரியில் தோட்டம் வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, கட்டிப்போட்டு வளர்க்கக் கூடாது என்று மாதாவின் மேல் சத்தியம் வாங்கினார். இந்துக்களிடமும் அதே சத்தியம்தான்.

முதலுதவிப் பதிவேட்டில் 1970, 1971, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் நாய்க்கடி என்று ஒரு வரிகூட இல்லை.

1973 ஜூலையில் மழை வலுத்திருந்தது. ஒரு மாலை, செவலை என்று அவர் அழைத்த ஆண் நாய் தள்ளாடிக்கொண்டு வந்தது. வாயில் நுரை. தலையை இப்படியும் அப்படியும் உதறியது. அமுதத்தின் கையிலிருந்த வாளி விழுந்தது. அவர் கொட்டகை மரத்துக்குப் பின்னால் போய் ஒதுங்குவதைக் காவலாளி ராம்தீன் பார்த்தார். ராம்தீன் இந்தத் தீவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தவர். ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் கற்ற தமிழும் தீவின் இந்தியும் கலந்து பேசுவார்; அமுதத்தை 'தீதி', அதாவது அக்கா, என்பார்.

"அரே தீதி, ஏன் பயப்படுறீங்க? தேரையைக் கவ்வியிருக்கு. மழைக் காலத்துல எல்லா குத்தாவும் கவ்வும். தேரைக்கு முதுகுல ஜஹர், விஷம் இருக்குல்ல, அதான் நுரை. காலையில டீக், சரியாயிடும்."

"உமக்கு என்னய்யா தெரியும்? வெறி பிடிச்ச நாய உம்ம வாழ்நாள்ல பார்த்திருக்கீரா?"

"அதான் சொல்றேன். நான் பார்க்கலை, எங்க அப்பா பார்க்கலை. இந்தத் தீவுல குத்தாவுக்கு பாகல், அந்த வெறி, வராது. வந்தா நாங்க பார்த்திருக்க மாட்டோமா?"

"கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாய்னா அதுக்கு வேற ரத்தமா?"

மறுநாள் காலையில் செவலை நன்றாக இருந்தது. ராம்தீன் சொன்னதே உண்மை என்று அமுதம் அப்போது ஏற்றிருக்கலாம். ஆனால் தீவைத் தவிர வேறெதையும் அறியாத ஒருவரின் பேச்சாகவே அது அவருக்குப் பட்டது. தம்பி கட்டிலில் கிடந்ததை அவர் பார்த்திருந்தார், ராம்தீன் பார்த்ததில்லை. ஆகவே ஜூலை பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, கோடு போட்ட தாளில் தம் கையால் ஒரு மனு எழுதினார். அது கோப்பில் இன்றும் இருக்கிறது.

"ஐயா அவர்களுக்கு, மெஸ் வேலை அமுதம் எழுதிக்கொள்வது. நம் வளாகத்தில் பதினேழு நாய் இருக்கிறது. ஒன்றுக்கு வாயில் நுரை வந்தது, நல்லாகிவிட்டது. ஆனாலும் வெறி வந்தால் நாயும் மிஞ்சாது மனுசரும் மிஞ்சமாட்டார்கள். என் தம்பி அப்படித்தான் செத்தான். மெயின்லேண்டில் இதற்கு ஊசி இருக்கிறதாம். கப்பலில் வரவழைத்துத் தரவேண்டும். நாய்களை நானே பிடித்துக் கொடுப்பேன். என் கைக்கு அது அடங்கும்."

இந்த மனு அலுவலகத்தை அடைந்த அதே வாரம் புதிய நிர்வாக அதிகாரி பாலசுப்பிரமணியம் கப்பலில் வந்து இறங்கினார். கொடியவர் அல்லர், அவரோடு பணியாற்றிய எவரும் அப்படிச் சொல்லவில்லை. மெயின்லேண்டில் ஒரு மாவட்ட மருத்துவமனை அலுவலகத்தில் ஆறு ஆண்டு இருந்தவர். வெறிநாய்க்கடி வார்டின் ஓசை அவர் மேசைவரை கேட்டிருக்கிறது. ஒரே அச்சத்தை இருவர், பதினான்கு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவரிடம் பால்பவுடர் டின்கள் இருந்தன. மற்றவரிடம் கோப்பு இருந்தது.

மனுவை ஆங்கிலத்தில் சுருக்கியவர் எழுத்தர் சிவஞானம். சுருக்கம் ஒரே வாக்கியம்: வளாக நாய்களிடையே வெறிநோய் அபாயம் இருப்பதாக, அவற்றுக்கு உணவளிக்கும் பணியாளரே எழுத்து மூலம் தெரிவித்து, தடுப்பூசி கேட்டுள்ளார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நுரை வந்து 'நல்லாகிவிட்டது' என்பது மட்டும் விடுபட்டது. சிவஞானத்துக்கு அது முக்கியமாகப் படவில்லை. அதிகாரி கீழே இரண்டு வழிகளைக் குறித்தார். ஒன்று, தடுப்பூசிக்குச் சென்னைக்கு எழுதுவது. இரண்டு, நாய்களை அகற்றுவது. ஊசி இருப்பு உண்டா என்று உள்ளூர்க் கால்நடை மருத்துவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். பதில் வருவதற்குள் தம் கைப்பட எழுதினார்: "கப்பலுக்காகக் காத்திருப்பது பொறுப்பின்மை. இரண்டாவது வழி ஏற்கப்படுகிறது."

கோப்பு மூடிய உறையில் காப்பாளருக்குப் போயிற்று. சிவஞானம் பார்த்தது அலுவலக நாட்குறிப்பை மட்டுமே. அதில் இருந்தது இவ்வளவு: அமுதம் மனு, ஏற்கப்பட்டது, ஆகஸ்டு 2, மாலை 4. அவர் மகிழ்ச்சியோடு மெஸ்ஸுக்கே வந்து சொன்னார்.

"அக்கா, உங்க மனு பாஸ் ஆயிடுச்சு. வியாழக்கிழமை நாலு மணி. எனக்கு ஒரு டீ போடுங்க."

"டீயா? உமக்கு வஞ்சிரமே பொரிச்சுத் தாரேன், சார். இம்புட்டு சீக்கிரம் ஊசி வந்திருச்சா?"

"புது ஆபீசர் சுறுசுறுப்பு அக்கா. எல்லாரும் ஒரே மாதிரியா?"

வியாழன் காலை, பத்துபஸ்தி வீட்டில் அமுதம் பதினேழு புதுக் கயிறுகளை அளந்து வெட்டினார். ஊசி போட்ட நாய்க்குப் புதுக்கயிறு, போடாததற்குப் பழையது என்று அடையாளம் வைத்துக்கொள்வது அவர் திட்டம்.

"ஏட்டி, அது புது வலையாச்சே! பழசு கொல்லையில கெடக்கு" என்றார் சின்னப்பன்.

"ஒரு முழம் போனா உங்க மீன் எல்லாம் அது வழியா ஓடிரவா போகுது?"

"நாய்க்குப் புதுக்கயிறு. எனக்குப் பத்து வருசமா ஒரே அரைஞாண்."

"நீங்களும் வந்து வரிசையில உக்காருங்க, ஊசி போட்டுக் கட்டிவிடுறேன்."

நான்கு மணிக்கு முன்பே அதிகாரி அனுப்பிய இருவர் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். கையில் ரப்பர் உறை. டின்களில் இறைச்சித் துண்டுகளை ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்கள். ஊசி போடும்வரை நாய்கள் அசையாமல் இருக்க இது நல்ல யோசனைதான் என்று அமுதம் நினைத்துக்கொண்டார். தட்டில் நான்கு முறை அடித்தார்.

நாய்கள் வந்து அததன் டின்னுக்கு முன்னால் உட்கார்ந்தன. கூண்டில் அடைபட்டிருந்த ஒரு பெட்டையும், வயல்பக்கம் போயிருந்த செவலையும் மட்டும் வரவில்லை. மற்ற பதினைந்தும் தின்றன. முரட்டு நாய் இளைத்த நாயின் பங்கைப் பறிக்கவில்லை. எதுவும் இரண்டு டின்னில் வாய் வைக்கவில்லை. எதுவும் முகர்ந்து தயங்கவில்லை. மூன்றரை ஆண்டு அவர் பழக்கிய ஒழுங்கு அன்று துல்லியமாக வேலை செய்தது.

"ஊசி எங்கய்யா?" என்று அமுதம் கேட்டார்.

"எந்த ஊசி?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

நெற்றியில் வெள்ளை விழுந்த முதல் நாய் அப்போது கால்களை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. அமுதம் டின்களை உதைத்தார். அவை காலியாக இருந்தன. எழுந்து நிற்க முடிந்த நாய்கள் உதவிக்கு அவரிடமே வந்தன. அவர் காலடியில்தான் விழுந்தன. அதற்குள் வயல்வரப்பில் செவலை ஓடிவருவது தெரிந்தது. தட்டுச் சத்தம் கேட்டுத் தாமதமாக வந்துகொண்டிருந்தது. இன்னொருவர் கையில் மிச்ச இறைச்சி இருந்தது.

"போ! போயிரு!" என்று அமுதம் கத்தினார். அது வாலாட்டிக்கொண்டு வந்தது. அவர் குரலைக் கேட்டு விலகிப்போக அதற்கு யாரும் கற்பித்ததில்லை. அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். விலாவில் பட்டது. நின்று பார்த்துவிட்டு மறுபடியும் வந்தது. இரண்டாவது கல். மறுபடியும் வந்தது. மூன்றாவது கல் கண்ணுக்கு மேலே பிளந்தது. அப்போதுதான் அது ஓலமிட்டபடி திரும்பி ஓடியது. கூண்டைத் திறந்து பெட்டையையும் அவர் கல்லால் அடித்தே வேலிக்கு வெளியே துரத்தினார். இரண்டும் திரும்பவில்லை.

அவர் நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். சேலையில் நாய்களின் எச்சில்.

"ஊசி கேட்டேன் சார் நான்."

பாலசுப்பிரமணியம் கோப்பைத் திறந்து மனுவை அவர் பக்கம் திருப்பினார். "இது உன் கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"வெறி வந்தா மனுசரும் மிஞ்சமாட்டார்கள்னு நீதானே எழுதியிருக்கே? உன் தம்பி செத்ததும் நீ எழுதினதுதான். அப்புறமும் நான் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா, நாளைக்கு ஒரு பையன் செத்தா யாரு பதில் சொல்றது? நீயா?"

 அந்தக் கேள்வியில் அமுதத்தின் சொற்களே இருந்தன. பிணங்களைப் புதைக்க ராம்தீனும் அவரும் மறுநாள் பகல்வரை மண்வெட்டினார்கள். "நான் சொன்னேன் தீதி" என்று ராம்தீன் ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு ஒருநாளும் அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை என்பதைப் பின்னாளில் அமுதமே நன்றியோடு குறிப்பிட்டார்.

கால்நடை மருத்துவரின் பதில் ஆகஸ்டு பதினோராம் தேதி வந்தது. நான்கு வரிகள். இத்தீவுகளில் இந்நோய் இதுவரை பதிவானதில்லை. ஆகவே தடுப்பூசி இருப்பில் வைக்கப்படுவதில்லை. மழைக்காலத்தில் தேரை கவ்விய நாய்க்கு நுரை வருவது இயல்பு. நடவடிக்கை எதுவும் தேவையில்லை. ஓரத்தில் அதிகாரி "கண்டேன்" என்று எழுதித் தேதியிட்டிருக்கிறார். கோப்பில் அதற்கு முந்தைய தாள், பதினைந்து நாய்கள் அகற்றப்பட்டன என்ற அறிக்கை. அதன் கடைசி வரி, மெஸ் பணியாளர் அமுதத்தின் ஒத்துழைப்பைப் பாராட்டுகிறது.

அந்தக் கடிதத்தில் இருந்ததைச் சிவஞானம்தான் அமுதத்துக்குப் படித்துத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, சுருக்கத்தில் தாம் விட்டுவிட்டதையும் சொன்னார். "நீர் என்ன சார் செய்வீர்? காயிதம் எழுதினது நான்" என்று சொல்லிவிட்டு அமுதம் மீன் அரிவதைத் தொடர்ந்தார்.

வளாகம் காலியாக இருந்தால் ஊர் நாய்கள் வந்துவிடும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் ஏழு வந்துவிட்டன. பழைய ஏற்பாட்டை மறுபடி தொடங்கும்படி காப்பாளர் கேட்டார். அமுதம் மறுத்தார். ராம்தீன் ரொட்டித் துண்டு போட்டபோது அதை மண்ணோடு மிதித்தார். எந்த நாய் மெஸ் பக்கம் வந்தாலும், நிழலில் படுத்தாலும், யாரையாவது பார்த்து வாலசைத்தாலும், அவர் குனிந்து கல்லெடுத்தார். குறி தப்பாது. குட்டிகளையும் விடவில்லை. 1976 மார்ச்சில் இருபத்திரண்டு மாணவர்கள் கையெழுத்திட்டு, மெஸ் பணியாளர் ஒருவர் வாயில்லாப் பிராணிகளைத் துன்புறுத்துவதாகப் புகார் கொடுத்தார்கள். அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை தரப்பட்டது. கையெழுத்திட்டவர்களுள் ஒருத்தியான நீலாவதி என்னும் மாணவி அவரிடமே வந்து கேட்டாள்.

"ஏன் அக்கா அடிக்கிறீங்க? அது உங்களை ஒண்ணும் செய்யலையே? சும்மா வாலைத்தானே ஆட்டுது?"

"அதான் அடிக்கேன். அடிக்கலைன்னா நாளைக்கும் வாலாட்டும். நாளைக்கு யாருகிட்டப் போய் ஆட்டுமோ."

அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. அமுதம் பாத்திரம் கழுவப் போனார்.

பசித்த நாய் கடிக்கும் என்று அவரே முன்பு சொன்னது அப்படியே நடந்தது. 1977இல் மூன்று மாணவர்களை நாய்கள் கடித்தன. அதற்குள் அதிகாரி மாறியிருந்தார். புதியவருக்கும் மெயின்லேண்டு நினைவுகள் இருந்தன. கால்நடை மருத்துவரின் கடிதம் பழைய கோப்பில் இருந்தது. பழைய கோப்பை யாரும் எடுக்கவில்லை. டிசம்பரில் மீண்டும் ஆணை. மீண்டும் இருவர், ரப்பர் உறை, இறைச்சி. இந்த முறை இரண்டு நாள் காத்திருந்தார்கள். இறைச்சியை வைத்துவிட்டு ஒளிந்தார்கள், விசில் அடித்தார்கள், தட்டைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். பதினொரு நாய்களும் வயலுக்கு அப்பால் நின்றே பார்த்தன. மனிதக் கை பட்ட எதையும் அவை தின்னவில்லை. இரண்டாம் நாள் மாலை வந்தவர்கள் இறைச்சியைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 'ஒன்றும் அகப்படவில்லை' என்று அறிக்கை சொல்கிறது.

ராம்தீன் கொட்டகைக்குப் பின்னால் வந்து உரக்கச் சிரித்தார். "தீதி, ஜீத்திட்டீங்க! ஒரு குத்தாகூட வரலை!"

"ஜெயிச்சேன்" என்றார் அமுதம். 

அவர் வயல் பக்கம் திரும்பினார். நாய்கள் வரப்பில் ஏறி, கொஞ்சம் கிட்டத்தில், ஐம்பதடி தூரத்தில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் எலும்பு தெரியும் நாய்கள். ஒன்றின் நெற்றியில் வெள்ளை. அதை எப்போது பார்த்தோம் என்று யோசிப்பவர் போல அவர் ஓரடி முன்னால் வைத்தார். காலில் செருப்பு வார் கழன்றிருந்தது. அதை மாட்டக் குனிந்தார். நிமிர்ந்தபோது வரப்பில் ஒரு நாயும் இல்லை.